பதினோராம் இலக்கத்துக்கு இரண்டரைப் புள்ளி

லண்டன் எம்.பி.மார் எல்லோரும் எமில்டாவின் சிவப்புப் பேனையைக் கண்டால் நடுங்குவார்கள். நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு மணி அடித்ததும், கதவுக்குள் நுழையுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்து, அந்த மனுசி எங்கேயாவது நிற்கிறாளா என்று தேடுவார்கள். சரி, இது கொஞ்சம் மிகை. எல்லோரும் இல்லை, பதினைந்து பேர்தான். அந்தப் பதினைந்திலும் பதினான்கு பேருக்கு எமில்டா என்று ஒருத்தி இருப்பதே நினைவில் இருக்காது. ஆனால் மிச்சம் ஒருவர் நடுங்கியதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என் கண்ணால் பார்த்தேன். அதில் மாற்றமில்லை.

எமில்டாவுக்கு அறுபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் குடியியல் படிப்பித்தவள். வருடா வருடம் சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தவும் போனவள். லண்டனுக்கு வந்து, ஹவுன்ஸ்லோவில் விமானச் சாப்பாடு அடுக்கும் கிட்சனில் பத்தொன்பது வருடம் ஷிப்ட் செய்தாள். தட்டில் பாண் துண்டு ஒரு அங்குலம் இடம் மாறி இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாளாம். அவளால் ஒரு விமானம் அரை மணி நேரம் தாமதமாகப் பறந்தது என்றும் நான் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அதை நீங்கள் நம்பவேண்டியதில்லை. ஓய்வு பெற்று மூன்று மாதம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்துவிட்டு, நாலாம் மாதம் எம்.பி.மாருக்குப் புள்ளி போட உட்கார்ந்தாள்.

நம்மவர்கள் கூடுதலாக இருக்கும் பதினைந்து தொகுதிகளை எடுத்துக்கொண்டாள். வருடத்துக்குப் பத்து வாக்கெடுப்புகள், ஒன்றுக்கு ஒரு புள்ளி. வரி கூடியதா, வீதி போட்டார்களா என்பதெல்லாம் அவளுடைய பாடத்திட்டத்தில் இல்லை. அரசாங்கம் தன் கையை எங்கே நீட்டுகிறது, அந்தக் கையை எம்.பி. பிடித்தாரா விட்டாரா என்பது மட்டும்தான் கேள்வி. ஒரு அமைச்சர் சபையைக் கேட்காமல் தனியே கையெழுத்துப் போட்டுச் சட்டத்தை மாற்ற இடம் கொடுத்தால் புள்ளி இல்லை. பிடிபட்டவன் போய் நியாயம் கேட்க நீதிமன்றக் கதவு திறந்திருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய அதிகாரம் ஒவ்வொன்றுக்கும் முடிவுத் திகதி இருக்கவேண்டும். அதில் அவள் இரக்கமே காட்டமாட்டாள்.

அதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் எழுபத்தொன்பதாம் ஆண்டு மூன்று வருடத்துக்கு என்று ஒரு சட்டம் வந்தது. எண்பத்திரண்டில் அதை நிரந்தரமாக்கினார்கள். ஆனால் சட்டத்தின் பெயரில் இருந்த ‘தற்காலிக’ என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. அந்தச் சொல்லை எமில்டா வகுப்பில் படிப்பித்திருக்கிறாள். பிறகு அதே சட்டத்தில் அவளுடைய தம்பியைப் பிடித்து, இருபத்திரண்டு மாதம் வழக்கில்லாமல் வைத்திருந்தார்கள். வெளியே வந்த தம்பி கனகாலம் உயிரோடு இருக்கவில்லை. அவனுடைய மகன் றஜீவ் இப்போது எமில்டாவோடு இருக்கிறான். இது நடந்தபோது அவன் தஞ்சம் கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. குடிவரவைப் பார்க்கும் ஹோம் ஒபிஸ் அதுவரை விசாரணைக்குக்கூடக் கூப்பிட்டிருக்கவில்லை.

புள்ளி போடும் முறையிலும் அவள் ஊர்ப் பரீட்சையை விடவில்லை. விடைத்தாளில் பெயர் இருக்கக்கூடாது, சுட்டிலக்கம் மட்டும்தான். அதனால் மோர்டனில் இருக்கும் மங்கை அந்த வேலையைப் பொறுப்பெடுத்தாள். மங்கை மலேசியாவிலிருந்து சட்டம் படிக்க வந்து, இங்கேயே அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவள். வாக்குப் பட்டியலை இன்டர்நெட்டில் எடுத்து, பெயர்களை வெட்டி, ஒன்று முதல் பதினைந்து வரை இலக்கம் போட்டுக் கொடுப்பாள். எது யாருடைய இலக்கம் என்ற தாள் அவளுடைய பிஸ்கற் டின்னுக்குள் பூட்டுப் போட்டுக் கிடக்கும். எமில்டா திருத்துவாள். கூட்டல் சரிபார்ப்பது என் வேலை.

திருத்தி முடிந்ததும் பெயரைத் திறந்து, ஒவ்வொரு எம்.பி.க்கும் மீள்திருத்தப் படிவம் ஒன்று தபாலில் போகும். உங்கள் புள்ளியில் குறை கண்டால் மூன்று வாரத்துக்குள் அறிவிக்கலாம். மீண்டும் திருத்தும்போது புள்ளி கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். ஊரில் மாணவர்களைத் தூங்கவிடாத அதே வாசகத்தைத்தான் ஆங்கிலத்தில் போட்டிருந்தாள். தவணை முடிந்த பிறகுதான் அச்சு. பிறகு ஹவுன்ஸ்லோ, தோர்ண்டன் ஹீத், மோர்டன் கடைகளில் காசு கொடுக்கும் மேசையருகே நானூறு தாள் கிடக்கும்.

சென்ற வருடம் மங்கை டின்னைத் திறந்தபோது, பதினோராம் இலக்கத்துக்கு மூன்று புள்ளி. பதினைந்து பேரில் அதுதான் கடைசி. தாளைப் பார்த்த மங்கை வாசிக்காமல் அதை எமில்டாவின் கையிலேயே கொடுத்துவிட்டாள். பதினோராம் இலக்கம் எமில்டாவின் சொந்தத் தொகுதி எம்.பி. (தொகுதியின் பெயரையும் அந்த அம்மாவின் பெயரையும் எழுதவேண்டாம் என்று உத்தரவு.) றஜீவுக்காக ஹோம் ஒபிசுக்கு இரண்டு தரம் கடிதம் எழுதியவர் அவர்தான். மூன்றாவது கடிதம் கேட்கத்தான், மூன்று வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை சேர்ஜரிக்கு எமில்டா நேரம் எடுத்து வைத்திருந்தாள். அங்கே வைத்தியம் இல்லை; எம்.பி.மார் தொகுதி மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு இந்த ஊரில் அப்படித்தான் பெயர்.

அதோடு எமில்டாவால் ஓரிடத்தில் இருக்க முடியாமல் போய்விட்டது. கழுவின அடுப்பைத் திரும்பக் கழுவினாள். பஸ் தரிப்பு வரை நடந்து போய், பஸ் வந்ததும் ஏறாமல் திரும்பி வந்தாள். நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே எழும்பி ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள். இந்த வருடம் அந்த ஒரு தொகுதியை விட்டுவிடலாமே, பதினான்கு பேர் போதாதா என்று மங்கை தொலைபேசியில் கேட்டாள். எமில்டா, பதினைந்து என்று தலைப்பில் அடித்தாயிற்று என்றாள். தலைப்பை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று மங்கை கேட்டதற்கு, தொலைபேசியை வைத்துவிட்டாள்.

சேர்ஜரிக்கு முதல்நாள், வியாழக்கிழமை, நான் அங்கே போயிருந்தேன். றஜீவ் மேசையில் தன் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தான். வேலை செய்ய அனுமதி இல்லாத பிள்ளை. கோப்பு அடுக்குவதில் இப்போது வக்கீலையே விஞ்சிவிட்டான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

“மாமி, இந்த ஒரு வருசம் மட்டும் அவவின்ர புள்ளியைப் போடாமல் விடுங்கோவன். அடுத்த வருசம் போடலாம்தானே.”

எமில்டா ஜன்னலடியில் நின்றாள்.

“தற்காலிகமாவோ?” என்று கேட்டாள்.

அவன் கோப்பை மூடிவிட்டு உள்ளே போனான். எமில்டாவுக்கும் முகம் சரியில்லை. சொன்ன சொல் பிள்ளையின் தகப்பனையும் சேர்த்துத் தொட்டுவிட்டது அவளுக்குத் தெரியும். தன் கைப்பையைத் திறந்து, ஒட்டிய கடித உறை ஒன்றை என் மடியில் போட்டாள். எம்.பி.யின் முகவரி, முத்திரை, எல்லாம் இருந்தது. மீள்திருத்தப் படிவம்.

“பதினாலைப் போட்டனான் அக்கா. இதைப் போடேல்லை. மூண்டு கிழமையா பையுக்குள்ளதான் கிடக்குது.”

தவணை மறுநாள் முடிகிறது. படிவம் அனுப்பாத ஆளின் புள்ளியை அச்சில் போடுவது அவளுடைய சட்டத்துக்கே விரோதம். போடாமல் விட்டால் பட்டியலே பொய். ஆகவே உறையைக் கையில் கொடுப்பது என்று முடிவானது. சேர்ஜரிக்குப் போகும் அதே பையில், றஜீவின் கோப்போடு.

இரண்டு பஸ். இருக்கை வெறுமையாக இருந்தும் எமில்டா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தரிப்புக்குத் தரிப்பு பையைத் திறந்து பார்த்தாள். நான் என்னால் இயன்ற நல்ல புத்தியைச் சொன்னேன்: முதலில் கோப்பைக் கொடு, கடிதத்துக்கு ஓம் என்று சொல்லட்டும், எழும்பிப் போகும்போது உறையை மேசையில் வைத்துவிட்டு வா. இதைவிட எளிமையான வழி எந்த இராசதந்திரிக்குத் தோன்றும்?

“கடிதத்தை வாங்கிப்போட்டுப் புள்ளியைக் காட்டினால் அது களவு, அக்கா. முதலில புள்ளி. பிறகு அவ கடிதம் தராட்டி, அது புள்ளியாலதான் எண்டு எனக்குத் தெரியவேணும்.”

“தெரிஞ்சு என்ன செய்யப்போறாய்?”

“றஜீவிட்டச் சொல்லுவன்” என்றாள்.

சேர்ஜரி ஒரு லைப்ரரியின் பின்னறையில் நடந்தது. ஆளுக்குப் பத்து நிமிடம். என்னை உள்ளே விடவில்லை. நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே பேசியதை எமில்டா பிறகு சொன்னாள்.

எம்.பி. அம்மா உறையைக் கிழித்து, பத்து வரிகளையும் வாசித்தார். கோபப்படவில்லை. ஆறாவது வரியில் விரலை வைத்து, இதற்கு ஏன் பூச்சியம் என்று கேட்டார். பொலிசுக்கு ஒரு வருடத்துக்கு என்று கொடுத்த அதிகாரம் ஒன்றை முடிவுத் திகதி இல்லாமல் நீட்டுவதற்கான வாக்கெடுப்பு அது. எமில்டாவுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. அந்தச் சபையில் ஆதரிப்பவர்கள் ஒரு வாசலாலும் எதிர்ப்பவர்கள் மறு வாசலாலும் போகவேண்டும். பதினோராம் இலக்கம் இரண்டு பட்டியலிலும் இருந்தது. பல்தேர்வு வினாவில் இரண்டு விடைக்குக் கீழே கோடு போட்ட பிள்ளைக்கு எந்தத் திருத்துநராவது புள்ளி போடுவாரா? இருபது வருடம் அப்படித்தான் வெட்டியிருக்கிறாள். அதைத்தான் எம்.பி.யிடம் சொன்னாள்.

எம்.பி. தாளை மேசையில் வைத்துவிட்டு விளக்கினார். அங்கே விடைத்தாளை வெறுமையாக விட வழி இல்லை. வராமல் இருந்தால், பல் வைத்தியரிடம் போனவரும் மனச்சாட்சிக்காக ஒதுங்கியவரும் ஒன்றாகிவிடுவார்கள். நான் இங்கே நின்றேன், ஆனால் இதற்குத் துணை போகவில்லை என்று பதிவுசெய்ய, சிலர் இரண்டு வாசலாலும் நடப்பார்கள். கட்சி ஆதரித்து வாக்களிக்கச் சொல்லித் தனக்குக் கட்டளை போட்டிருந்தது என்றார்.

எதிர்க்கும் வாசலால் மட்டும் போயிருக்கலாமே என்று எமில்டா கேட்டாள்.

“பயமாக இருந்தது” என்றார் எம்.பி.

எமில்டா தன் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தாள். ஆறாம் வரியில் பூச்சியத்தை வெட்டி அரை என்று எழுதினாள். அதோடு எழும்பியிருக்கலாம். ஆனால் ஒரு வரியைத் திருத்தினால் முழுத்தாளையும் திரும்பக் கூட்டவேண்டும் என்பது விதி. மேலிருந்து கீழே கூட்டினாள். கீழிருந்து மேலே கூட்டினாள். அரையைச் சேர்க்குமுன், அந்தத் தாளில் இருந்தது மூன்று இல்லை, இரண்டு. (கூட்டல் சரிபார்ப்பது யாருடைய வேலை என்று முதலே சொல்லிவிட்டேன், அந்த விஷயத்தை நாம் நீட்டவேண்டாம்.)

அடியில் மூன்றை வெட்டி இரண்டரை என்று எழுதி, சின்னக் கையொப்பம் போட்டு, தாளைத் திருப்பி வைத்தாள். முறையீடு செய்ததால் எம்.பி. அம்மாவுக்கு அரைப் புள்ளி நட்டம். பத்து நிமிடத்தில் ஏழு போய்விட்டது. றஜீவின் கோப்பு இன்னும் பைக்குள் இருந்தது. அதை எடுக்காமல் எமில்டா மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாளாம்.

“நீங்கள் வேறொரு அலுவலாக வந்ததாகத்தான் இங்கே எழுதியிருக்கிறது” என்று எம்.பி. சொல்லி, கையை நீட்டினார்.

அந்த நேரத்தில்தான் நான் பார்த்தேன். நீட்டிய அந்தக் கை, பெரிய சபையில் எழுந்து பேசிய கை, எமில்டாவின் சிவப்புப் பேனைக்கு முன்னால் அரசமிலை மாதிரி நடுங்கியது.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது கடிதத்தின் பிரதி வந்தது. முதல் இரண்டு கடிதமும் அரைப் பக்கம்; இது இரண்டு பக்கம். பிடித்து வைப்பதற்கும் காக்க வைப்பதற்கும் திகதி இருக்கவேண்டும் என்று ஒரு வரியும் அதில் இருந்தது. அது யாருடைய யோசனை என்று எமில்டா சொல்லமாட்டாள். புதன்கிழமை பட்டியல் அச்சுக்குப் போனது. பதினைந்தாம் இடத்தில் இரண்டரைப் புள்ளி; கீழே சின்ன எழுத்தில், மீள்திருத்தத்தின் பின். அடுத்த மாதம் றஜீவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை. தபால்காரன் வரும் நேரத்துக்கு எமில்டா இப்போதும் அடுப்பைக் கழுவுகிறாள்.

இதுவரை எழுதியதை நேற்று மோர்டனில், மங்கையின் வீட்டில் வைத்து அவர்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். விமானம் தாமதமான இடத்தில் மங்கை சிரித்தாள்; “இது கொஞ்சம் ஓவர், அக்கா” என்றாள். எமில்டா சிரிக்கவில்லை. எழும்பி ஜன்னலடிக்குப் போய் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அரசமிலையைத் தாண்டி கடைசி வரை வாசிக்க விட்டுவிட்டு, திரும்பாமலே சொன்னாள்:

“நடுங்கினது அவ இல்லை, அக்கா. நான்தான். என்ர கையில இருந்து பேனை ரெண்டு தரம் கீழ விழுந்தது. ரெண்டு தரமும் குனிஞ்சு எடுத்துத் தந்தது அவதான். நீங்கள் கண்ட கை, பேனையை எடுத்து நீட்டின அந்தக் கைதான். எழுதிறதெண்டால் சரியா எழுதுங்கோ.”