பேர் வெட்டப்பட்டவர்கள்

ஊர் ஊராகப் போய் வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கூடாரம் அடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தண்ணீர் எங்கே கிடைக்கும், யாரை முதலில் வண்டியில் ஏற்றுவது என்றெல்லாம் வரைபடத்தைப் பார்த்துப் பட்டென்று சொல்லிவிடுவேன். அந்த இடங்களில் பயந்ததே இல்லை என்றால் பொய். ஆனால் அது தங்கும் கொட்டிலுக்குத் திரும்பி உடுப்பு மாற்றினால் போய்விடுகிற பயம். நமுனுகுலப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது என்று தங்கச்சி போனில் சொன்ன அன்றுதான், சாப்பிட உட்கார்ந்தாலும் கூடவே உட்கார்ந்துகொள்கிற பயம் என்னவென்று தெரிந்தது.

கெஞ்சிக் கூத்தாடிப் பதுளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தேன். லயத்தில் அப்பா, தங்கச்சி, அவள் வீட்டுக்காரர் என்று மூன்று பேர். சமைக்கிற குசினிக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு. என் கை முழங்கை வரை உள்ளே போனது. அதிகாரிகள் வந்து பார்த்து, மழைக்காலத்தில் இங்கே இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேறு எங்கே இருப்பது என்பதை எழுதவில்லை. அப்பாவைப் பதுளையில் என் வாடகை அறைக்குக் கூட்டி வந்தேன். இரண்டு நாள் சன்னலுக்கு வெளியே பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நான் கத்தியதெல்லாம் காதில் விழுந்த மாதிரியே இல்லை, லயத்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

கத்தி ஓய்ந்தபின் தொழிலைக் காட்டினேன். அவசரத்தில் ஆட்களை வெளியேற்ற அந்தத் தோட்டத்துக்கு ஒரு திட்டம் எழுதினேன். சொன்னால் வெட்கம், அப்போது அதை நினைத்து எனக்கே ஒரு கர்வம். வெளியிலிருந்து வருகிற நிபுணர்கள் ஒலிபெருக்கி, குறுஞ்செய்தி என்று எதையாவது கொண்டுவருவார்கள். நான் தோட்டத்துப் பிள்ளை, எனக்குத் தெரியாதா என்ன? தினமும் காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எல்லோரும் பெரட்டுக்களத்துக்குப் போய் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை செக்ரோலை, வேலையாட்களின் பேர்ப் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார், வேலை பிரித்துக் கொடுப்பார். பெரட்டுக்களம் பாறை மேல் இருக்கிற இடம், மண் சரியாது. ஆபத்து என்றால் அதே சங்கை மூன்று முறை ஊதுவது, அதே களத்தில் கூடுவது, அதே செக்ரோலை வைத்து ஆள் சரிபார்ப்பது. இவ்வளவுதான் திட்டம். தோட்டத்தை நடத்துகிற தொரைக்குப் பிடித்திருந்தது. என் மேலதிகாரி அதை மற்றத் தோட்டங்களுக்கும் அனுப்பச் சொன்னார்.

ஒரு வேலை நாளில் ஒத்திகை வைத்தோம். மலையிலிருந்து பெண்கள் கொழுந்துக் கூடையோடு ஓடிவந்தார்கள். பிள்ளைமடுவத்திலிருந்து தாய்மார் குழந்தைகளை வழியிலேயே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேர் கூப்பிட்டதும் எல்லோரும் சத்தம் கொடுத்தார்கள். லயத்து வாசல்களில் வயசானவர்கள் நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பாவும் நின்றார். என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார். ஒத்திகைதானே, முடியாதவர்களை எதற்கு அலைக்கழிப்பது என்று விட்டுவிட்டேன்.

மழை தொடங்கி நாலாம் நாள் பகலில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. நான் பதுளை அலுவலகத்தில் இருந்தேன். தொழிற்சாலைக்குப் போன் போட்டுச் சங்கை ஊதச் சொன்னேன். எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். கடைசியில் கணக்கப்பிள்ளை கூப்பிட்டார்.

"எல்லாப் பேரும் சரிங்க மிஸ். ஒரு பேர்கூடக் குறையல."

அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். தோட்டத்தில் அனைவரும் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று மாவட்ட அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். யாரோ தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். பாதி குடித்திருப்பேன், தங்கச்சி கூப்பிட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. மலையிலிருந்து நேராகக் களத்துக்கு வந்துவிட்டாளாம். அப்பா லயத்திலிருந்து முன்னாலேயே வந்திருப்பார், கூட்டத்தில் எங்காவது நிற்பார் என்று நினைத்தாளாம்.

"அக்கா, அப்பா இங்க இல்ல. தேடிட்டேன். வயசாளுங்க ஒருத்தருமே இல்லக்கா."

அதோடு போன் நின்றுவிட்டது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அப்பா ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் சங்குச் சத்தம் கேட்டு எழுந்து பெரட்டுக்குப் போயிருக்கிறார். "ஒம் பேர வெட்டியாச்சு, போய்ப் படு" என்று கங்காணி எல்லோர் முன்னாலும் சொல்ல, களமே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து சங்கு ஊதினால் ஆட்கள் எல்லாம் கடந்து போகும்வரை அவர் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. இதை அந்தக் காலத்தில் தங்கச்சி போனில் கதையாகச் சொன்னாள். நான் எங்கோ ஒரு நாட்டில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். ஓய்வு பெற்றவர்களின் பேர் செக்ரோலில் இருக்காது. சங்கு அவர்களைக் கூப்பிடாது, கணக்கப்பிள்ளை அவர்களைத் தேடமாட்டார். தோட்டத்துப் பிள்ளைக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தேதான் எழுதியிருந்தேன்.

ஜீப்பில் கிளம்பினேன். பசறை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டில் மண் விழுந்து கிடந்தது. ஜீப்பை விட்டுவிட்டு நடந்தேன். போனில் சிக்னல் இல்லை. எத்தனை நாடுகளில், காணாமல் போனவர்களின் பிள்ளைகளிடம், தகவல் வந்ததும் சொல்கிறோம், கொஞ்சம் பொறுமையாக இருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். என்னிடம் யாராவது அப்போது அப்படிச் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். வாய்க்கால்களில் செம்மண் தண்ணீர் இரைந்து ஓடியது. ஒவ்வொரு வளைவிலும் அடுத்த மலை அப்படியே இருக்கிறதா என்று பார்க்கப் பயந்து குனிந்துகொண்டே நடந்தேன். சாமியைக் கூப்பிட்டேன். அம்மா செத்த பிறகு கூப்பிடாத சாமி.

களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. தங்கச்சி இடுப்புவரை சேற்றோடு நின்றாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் இன்னும் சிலரும் லயத்துக்குத் திரும்ப ஓடியிருக்கிறார்கள். ஒவ்வொரு அறையாக, காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டி, வர மறுத்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கடைசிக் காம்பராவுக்குப் போவதற்குள் மண் வந்துவிட்டது. அந்தக் காம்பராவில் தனியாக இருந்தவர், எங்களைத் தினம் பள்ளிக்கூடத்துக்குத் தலைசீவி அனுப்பிய பெரியம்மா. சொந்தம் இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம்.

அப்பா களத்துக் கூரைக்கு வெளியே ஒரு கல்லில், தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டதும் என் மனதில் வந்தது சந்தோஷம், வேறொன்றும் இல்லை. போனது பெரியம்மா, அப்பா இல்லை. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே பயமாக இருக்கிறது.

சங்கு கேட்கவில்லையா என்று கேட்டேன். கேட்டது என்றார். பிறகு ஏன் வரவில்லை என்று அழுதேன்.

"அது வேலைக்காரங்களுக்குல்ல ஊதுறது, புள்ள" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுப்பது போலத்தான் சொன்னார்.

சிக்னல் கிடைத்ததும் பழைய செய்தி தவறு என்று மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். எல்லாப் பேரும் சரி என்றீர்களே என்று கேட்டார்கள். பேரெல்லாம் சரிதான் என்று பதில் சொன்னேன்.

அடுத்த வாரம், நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டோம். மழை விடவில்லை. மேட்டு லயத்துக்குப் பின்னாலும் வெடிப்பு தெரிவதாக யாரோ சொல்ல, அங்கிருந்து எழுந்து ஓட வேண்டும் போல எனக்கு இருந்தது. பேர் வெட்டப்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் வேண்டும் என்றேன். அப்படி ஒன்று அலுவலகத்தில் கிடையாது என்றார் கணக்கப்பிள்ளை. யாரெல்லாம் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. பின்வரிசையில் இருந்த அப்பா எழுந்து, எழுதிக்கொள் என்றார். நான் தாளை எடுத்தேன். அவர் எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவிலிருந்து ஆரம்பித்து, பெரியம்மாவின் பேரைச் சொன்னார்.

அவங்க இப்ப இல்லையேப்பா என்றேன்.

"அன்னைக்கு இருந்தாங்கல்ல. எழுதும்மா."