பதினேழாம் வாசலில் லோர்னா

பூட்ஸ் காலால் பனியை மிதித்து மிதித்து, நிற்பதற்கு ஒரு படி வெட்டிக்கொள்கிறாள் லோர்னா திபோடோ. பிறகு மேப்பிள் சர்க்கரைக் கட்டி ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறாள். பனிச்சறுக்குப் பந்தயம் முடியும்வரை இனி அவளை அந்தச் சரிவிலிருந்து அசைக்க முடியாது.

"பேனாவை உள்ள வை வால்ட், மை உறைஞ்சுடும். பென்சில் எங்க?" என்று வருஷா வருஷம் என்னை அதட்டுவாள். பதினேழாம் வாசலுக்கு அவள் நடுவர், அடுத்ததற்கு நான். இரண்டு கம்பம் நட்டால் ஒரு வாசல். வீரர்கள் ஒன்றைத் தவறவிட்டாலும் பட்டியலில் பெயர் இருக்காது.

மற்ற நாட்களில் எங்கள் வெர்மான்ட் ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். கண்ணாடியைப் பார்த்து "உக்காரு!" என்று அவள் கத்தினால் தெருவில் போகிற நாயும் உட்காரும். எங்கள் ஊர் ஹார்ட்வெல் கல்லூரி அணி என்றால் அவளுக்குப் பித்து. நடுவர் சார்பு காட்டக் கூடாது என்பதால் அணியின் பச்சை மஃப்ளரைக் கோட்டுக்குள் சுற்றியிருப்பாள். "உள்ள இருக்கிறது யாருக்குத் தெரியப் போவுது?"

போன மார்ச்சில் கல்லூரிகளின் தேசியப் போட்டி எங்கள் மலைக்கே வந்தது. நான்கு நாள் பந்தயம். ஆண், பெண் எல்லாருடைய புள்ளியையும் கூட்டி ஒரே கோப்பை. கடைசிப் பந்தயத்தின் கடைசி ஆளாகக் கொலராடோவின் பைன்ரிட்ஜ் அணியைச் சேர்ந்த மாரன் என்ற பெண் மேலே நின்றாள். ஹார்ட்வெல் இரண்டு புள்ளி முன்னால். ஆனால் மாரன் வாசல் எதையும் விடாமல் தவழ்ந்து வந்து சேர்ந்தாலே பைன்ரிட்ஜுக்கு மூன்று புள்ளி!

சீறி வந்தாள். பதினேழாம் வாசலில் சறுக்குப் பலகையின் முனை கம்பத்தில் தட்டி, உருண்டு, வாசலுக்குக் கீழே போய் விழுந்தாள். எங்கள் ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள். மாரன் கண்ணாடியில் அப்பிய பனியைத் துடைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"வாசலை விட்டுட்டேனா?"

வீரர் கேட்காமல் நடுவர் வாய் திறக்கக் கூடாது. கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் போதும், அந்தப் பெண் அப்படியே இறங்கிவிடுவாள், கோப்பை எங்களுக்கு. அடுத்த வாசலிலிருந்து நான் லோர்னாவையே பார்த்தேன்.

"விட்டுட்ட! திரும்பு! மேல ஏறு!"

அதே பேருந்துக் குரல். மலையே கேட்டது. மாரன் பக்கவாட்டில் பலகையைக் குத்திக் குத்தி ஏறினாள், சறுக்கினாள், மறுபடி ஏறினாள். கம்பத்தைச் சுற்றிக்கொண்டு அம்புபோல் பாய்ந்தாள். கீழே பார்வையாளர்கள் ஆட்டிய மாட்டு மணிகள் அலறின. ஒலிபெருக்கி அறிவித்தது: ஒரே புள்ளி வித்தியாசத்தில் பைன்ரிட்ஜ்!

"மெதுவாச் சொல்லியிருக்கலாம்ல லோர்னா? காத்து வேற அடிச்சுது" என்றேன்.

"கேட்டா, சொன்னேன்." அவள் கண் கலங்கியிருந்தது. உடனே என் தோளில் ஓங்கி ஒரு அடி. "அடிப்பாவி, என்னமா ஏறினா பாத்தியாய்யா!"

பரிசளிப்பின்போது எங்கள் ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். தடித்த கையுறைகளில் அது பொத்துப் பொத்தென்றுதான் கேட்டது. லோர்னா தன் கையுறைகளைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாள். வெறுங்கையால் தட்டத் தொடங்கினாள்.