அத்தானின் வயது

நாலு வருடமாக என்னோடு பேசாமல் இருந்த அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் என் பஸ்ஸை அடுத்த டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, கன்டீனில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். படத்தில் கரி பிடித்த சுவரோடு ஒரு பெரிய சமையலறை. அதற்குள் சிவப்பு அங்கி போட்ட புத்த பிக்குகள் நாலைந்து பேர். அவர்களுக்குப் பின்னால், வாசலோரமாக, மொட்டைத் தலையோடு ஒரு மனிதர் பெரிய கேத்திலைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவருடைய இடது தோள் சரிந்திருந்தது. கீழே அக்கா இரண்டே சொல் எழுதியிருந்தாள்: "இவரைப் பார்."

பார்த்தேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நெற்றி, காது, அந்தத் தோள். தேத்தண்ணி ஆறிப்போனது. அது அத்தானாக இருக்க வழியே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் படத்தை இன்னும் இரண்டு தரம் எடுத்துப் பார்த்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

அத்தான் அக்காவின் கணவர். ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதியவர். சின்ன வயதில் சைக்கிளால் விழுந்து தோள் எலும்பு முறிந்து, பொருந்தும்போது கொஞ்சம் சரிந்து பொருந்திவிட்டது. போரின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக இரண்டு பேரும் சண்டை நடந்த பகுதியில் இருந்து வெளியே வந்தார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி ராணுவத்தினர் அத்தானை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். ஏறுமுன் அவர் திரும்பி அக்காவைப் பார்த்துக் கை காட்டினாராம். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் எவருமில்லை.

அக்கா லண்டனுக்கு வந்து குட்மேய்ஸில் ஒரு அறை எடுத்து, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். பிள்ளைகள் இல்லை. இத்தனை வருடத்தில் ஒருநாளாவது அவள் என் பஸ்ஸில் ஏறியதில்லை. என் பஸ்ஸில் மட்டுமல்ல, எந்த பஸ்ஸிலும். கொட்டும் மழையிலும் இல்ஃபோர்டுக்கு நடந்தே போவாள். முதலில் அதைப் பிடிவாதம் என்று நினைத்துச் சிரித்தேன். எனக்குப் புத்தி எப்போதும் பிந்தித்தான் வரும்.

நாங்கள் பேசாமல் போனதற்குக் காரணம் நான்தான். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில், யாருக்காகப் பூசை வைப்பதென்று பூசைக் கருத்து எழுதிக் கொடுப்போம். உயிரோடு இருப்பவருக்கென்றால் "சுகத்துக்காக", இறந்தவருக்கென்றால் "ஆன்ம இளைப்பாற்றிக்காக". அக்கா ஒவ்வொரு கல்யாண நாளிலும் அத்தானின் சுகத்துக்காகத்தான் பூசை கொடுப்பாள். இறந்தவர்களின் பெயர்களை நவம்பர் மாதம் தாளில் எழுதி ஒரு என்வலப்பில் போட்டுப் பீடத்தில் வைப்பார்கள். தமிழ்ப் பூசையில் பங்குச் சுவாமி ஒவ்வொரு பெயராக வாசிக்க, அந்தந்த வீட்டுக்காரர் எழுந்து போய் மெழுகுதிரி கொளுத்துவார்கள். அந்த வருடம் அம்மா, அப்பாவின் பெயர்களுக்குக் கீழே அத்தானின் பெயரையும் எழுதிப் போட்டேன். யாராவது ஒருவர் இதை முடித்து வைக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன். அக்காவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்ற திமிர் வேறு.

பெயர் வாசிக்கப்பட்டதும் அக்கா எழுந்தாள். மெழுகுதிரி கொளுத்தத்தான் போகிறாள் என்று நினைத்தேன். நேரே வாசலுக்குப் போனாள். வெளியே ஓடிப்போய்ப் பிடித்தபோது கேட்டாள்.

"நீ கண்டனியோ?"

"இல்லை, அக்கா, இவ்வளவு காலமும்..."

"நீ காணேல்லை. நானும் காணேல்லை. பிறகு ஆரைக் கேட்டு அவரைச் சாக்காட்டினனி?"

அவ்வளவுதான். நாலு வருடம்.

வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் படம் அக்காவுக்குப் பக்கத்து வீட்டில் இருந்து கிடைத்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த டாக்டர் தம்பதி அங்கே இருக்கிறார்கள். விடுமுறைக்கு இமயமலைப் பக்கம், காலிம்போங் என்ற ஊருக்குப் போய்வந்திருக்கிறார்கள். அந்த அம்மா பலகாரத்தோடு வந்து போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டியிருக்கிறார். "ஆமாக்கா, இது அங்க ஒரு மடாலயத்தோட கிச்சன், எவ்வளவு பெரிய அண்டா பாருங்க" என்றாராம். அக்கா அண்டாவைப் பார்க்கவில்லை.

அன்று மாலையே அக்காவின் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தவள் நேற்றுத்தான் கண்டதுபோல, "சாப்பிட்டியோ?" என்றாள். மேசையில் அத்தானின் லாமினேட் செய்த படம், அதற்குப் பக்கத்தில் போன். இரண்டையும் சேர்த்து வைத்திருந்தாள்.

"அக்கா, அவர் செபமாலை சொல்லாமல் படுக்காத மனிசன். புத்த கோயில்லை போய்த் தேத்தண்ணி ஊத்துவாரோ?"

"நினைவு தப்பியிருந்தால்? ஆரும் கூட்டிக்கொண்டு போயிருந்தால்?"

"அது எங்கை, இது எங்கை..."

"எனக்கும் விளங்குது, தம்பி. போய்ப் பாப்பம். இல்லையெண்டால் திரும்பி வருவம். உனக்கு லீவு எடுக்க ஏலுமோ?"

ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை. அக்டோபர் கடைசியில் பள்ளிக்கூடம் ஒரு வாரம் மூடும் நாட்களில் புறப்பட்டோம். அவளுக்கு உண்மையைக் காட்டித் திருப்பிக் கூட்டிவரப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மலைப்பாதை ஜீப்பில்தான். வாழ்நாள் முழுதும் பஸ் ஓட்டியவனைப் பக்கத்து சீட்டில் இருத்தினால் என்ன நடக்கும்? ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. கீழே டீஸ்டா ஆறு பச்சையாக ஓடியது. பாலத்துக்குப் பாலம் நிறம் நிறமான பிரார்த்தனைக் கொடிகள் கிழிந்து ஆடின. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே பாட்டும் பாடினார். அக்கா செபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள். நான் அத்தானிடம் முதலில் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பாதவன் செய்கிற வேலையா இது?

மடாலயம் ஊருக்கு மேலே ஒரு முகட்டில் இருந்தது. மறுநாள் காலை நடந்தே ஏறினோம். வாசல் படலையடியில் அக்கா நின்றுவிட்டாள். உள்ளே முற்றத்தில் பிக்குகள் போய்வந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த அங்கியைக் கண்டால் பழைய பயம் வந்துவிடும். அந்த மனிதர்கள் எங்களுக்கு ஒன்றும் செய்தவர்களில்லை. அவர்களின் அங்கியின் நிறம்கூட வேறு, எங்கள் நாட்டு மஞ்சள் இல்லை, கடும் சிவப்பு. ஆனாலும் ஊரில் ராணுவச் சோதனைச் சாவடிகளுக்குப் பக்கத்தில் புத்த விகாரைகள் எழும்பியதைப் பார்த்துப் பழகிய கண்கள் எங்களுடையவை. அக்கா செபமாலையைக் கைக்குள் மடித்துக்கொண்டாள். "அவர் உள்ளுக்கு இருந்தால் நான் வெளியிலை நிண்டு என்ன செய்யிறது?" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. நீண்ட குழல்கள் சுவர் அதிரும்படி ஒலித்தன. ஒரு வயதான பிக்கு எங்களைச் சுவரோரம் இருக்கச் சொல்லி மெத்தை காட்டினார். குழல் நின்றதும் தேநீர் வந்தது. கேத்திலைத் தூக்கிக்கொண்டு, இடது தோள் சரிய, அவர் வந்தார். படத்தில் இருந்த அதே மனிதர். வரிசை வரிசையாகக் குனிந்து ஊற்றிக்கொண்டே எங்களை நோக்கி வந்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய நகம் பட்ட இடம் இரண்டு நாள் நொந்தது.

எங்களுக்கு முன்னால் வந்ததும், கூடையில் இருந்து இரண்டு கிண்ணம் எடுப்பதற்காகக் கேத்திலைக் கீழே வைத்தார். வைத்ததும் அவருடைய தோள் நிமிர்ந்தது. இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நின்றன. படத்தில் சரிந்து நின்றதும் கேத்திலின் பாரத்தால்தான்.

நிமிர்ந்து சிரித்தார். மலைநாட்டு முகம். நாற்பது வயது இருக்கும். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரை அக்காவிடம் நீட்டி, அவர்கள் மொழியில் அம்மாவைக் கூப்பிடும் சொல்லால் அவளைக் கூப்பிட்டார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். ஜீப் டிரைவர் வழியெல்லாம் அக்காவை அப்படித்தான் கூப்பிட்டார், அர்த்தமும் சொல்லியிருந்தார். அக்கா இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கி, ஒரு சொட்டும் விடாமல் குடித்தாள்.

வெளியே வந்து படிக்கட்டில் இருந்தோம். எதிரே கஞ்சன்ஜங்கா சிகரம் துடைத்து வைத்த வெள்ளையில் நின்றது. அதைப் பார்க்கத்தான் உலகமெல்லாம் இருந்து சனம் வருகிறது. அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அவருக்கு இப்ப எத்தினை வயசு?"

எண்ணிப் பார்த்தேன். "அம்பத்தேழு."

"ஓம். அம்பத்தேழு. தலையும் நரைச்சிருக்கும். பல்லும் ஒண்டிரண்டு போயிருக்கும்." செபமாலையைக் கைக்குள் உருட்டினாள். "நான் நாப்பத்தொரு வயசு மனிசனையெல்லோ தேடிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். அந்தப் பிள்ளை என்னை அம்மா எண்டு கூப்பிடுது. பிழையில்லைத்தானே?"

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவன் நான். நெற்றியைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், வயதைப் பார்க்கவில்லை. காணாமல் போனவரைத் தேடுகிற எந்த வீட்டிலும் இதுதான் கதை. கையில் இருக்கும் படத்துக்கு வயது ஏறாது. அதைப் பிடித்துக்கொண்டு இருக்கும் நாங்கள்தான் நரைக்கிறோம். என் பஸ்ஸில் ஏறுகிறவர்களிலும் நாற்பது வயது முகங்களையே நான் இத்தனை வருடமும் உற்றுப் பார்த்து வந்தேன் என்பது அந்தப் படிக்கட்டில்தான் எனக்கே தெரிந்தது. அவர் செத்துவிட்டார் என்று ஊருக்கு அறிவித்த நான்.

மடாலயத்தின் பக்கத்தில் விளக்குகளுக்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. வெண்ணெய் விளக்குகள் நூற்றுக்கணக்கில் எரிந்தன. அந்த வயதான பிக்கு ஒரு கொப்பியோடு இருந்தார். யாருக்காக விளக்கு வைக்கிறோமோ அவருடைய பெயரை அதில் எழுத வேண்டுமாம். இடப் பக்கம் உயிரோடு இருப்பவர்கள், வலப் பக்கம் இறந்தவர்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். நாங்களும் அப்படித்தான் எழுதுவோம் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

அக்கா பேனையை என்னிடம் நீட்டினாள். "உயிரோடை இருக்கிறவையின்ரை பக்கத்திலை எழுது."

நான் அவளைப் பார்த்தேன்.

"இந்த ஒருக்கா மட்டும். உன்ரை கையாலை."

எழுதினேன். தமிழில்தான் எழுதினேன். பிக்குவுக்கு வாசிக்கத் தெரியவில்லை. உரத்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார், பிழையாக. மறுபடியும் சொல்லச் சொன்னார். மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு, கவனமாக, கிட்டத்தட்ட சரியாகச் சொன்னார். ஒரு புத்த பிக்குவின் வாயில் இருந்து அத்தானின் பெயர் அவ்வளவு மரியாதையாக வரும் என்று நானோ அக்காவோ நினைத்திருக்கவில்லை. அக்கா விளக்கைக் கொளுத்தினாள். அது எவ்வளவு நேரம் எரியும் என்று கேட்டாள். நாளைக் காலை வரை என்றார். "காணும், அவ்வளவு போதும்" என்றாள்.

லண்டனுக்குத் திரும்பிய அடுத்த நாள் அக்கா பார்க்கிங்கில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். நடந்துதான் வந்தாள். கைப்பையில் இருந்து கோயில் என்வலப்பையும் தாளையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"நீதானே முதல் எழுதினனி. நீயே எழுது."

பேனையை எடுத்தேன். அம்மாவின் பெயரை எழுதினேன், அப்பாவின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே கை போகவில்லை. வேடிக்கையாகத்தான் இருந்தது. நாலு வருடத்துக்கு முன் ஒரு நிமிடத்தில் எழுதி ஒட்டிக் கொடுத்தவன் நான். பேனையை வைத்துவிட்டு, தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பினேன். நான் திரும்பி வரும்போது என்வலப் ஒட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு இரண்டு பேரும் ஒரே மர வாங்கில் அமர்ந்திருந்தோம். சுவாமி பெயர்களை வாசித்தார். மன்னார் ஆட்கள், யாழ்ப்பாணத்து ஆட்கள், ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அம்மா. அப்பா. பிறகு அத்தானின் பெயர். சுவாமி ஒரு கணம் தாளை உற்றுப் பார்த்தார். அந்தப் பட்டியலில் யாரும் வயது எழுதுவதில்லை.

"வயது ஐம்பத்தேழு" என்று வாசித்தார்.

எங்களுக்குத் தெரியாத அந்தப் பதினாறு வருடத்தையும் அவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் அக்கா அவரை அனுப்பியிருந்தாள். நரைக்க விட்டு, பல் விழ விட்டு, அதற்குப் பிறகு.

இந்த முறை எழுந்து வெளியே போனவன் நான். கோயில் கார் நிறுத்துமிடத்தில், மழைக்குள், மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தானுக்காக நான் அழுதது அதுதான் முதல் தரம். இவ்வளவு காலமும் அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தைரியத்தில்தான் நான் அவரைச் செத்தவர் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவள் தன் பிடியை விட்ட பிறகுதான் பாரம் என் மேல் இறங்கியது.

அக்கா குடையோடு வந்து பக்கத்தில் நின்றாள். நான் அழுது முடியும் வரை குடையை எனக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளில் கை வைத்தாள்.

"வா, தம்பி. திரி இன்னும் கொளுத்தேல்லை. எல்லாரும் காத்துக்கொண்டிருக்கினம்."