தந்தி ஆபீஸ் சுவரின் விரிசல்

ஒரு பழைய கட்டடத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறவர் உண்மையில் யாரைக் காப்பாற்றக் கிளம்புகிறார்? சுவரையா, சுவருக்குள் குடியிருப்பவரையா, தன்னையேவா? நகராட்சி அலுவலகத்தில் எல்லோரும் ‘சில்லு’ என்று அழைத்த மனிதரின் வாழ்க்கையை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இந்தக் கேள்வியில்தான் போய் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவரைப் பெரிய மனிதர் என்று சொல்வதற்கில்லை. கெட்டிக்காரர் என்றுகூட முழு மனதோடு சொல்ல முடியாது. வேலையை ஒழுங்காகச் செய்தார். ஒழுங்கு ஒரு மனிதரை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பது அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

நகராட்சியின் பழங்கட்டடப் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் தட்டி வைத்துத் தடுத்த ஓர் அறை. அதில் இன்ஜினியர் அம்மா ஒருவர், சில்லு, ஒரு மேஜை மின்விசிறி. இந்த மூவரில் மின்விசிறி மட்டும்தான் வேலை செய்கிறது என்று பக்கத்து அறைக்காரர்கள் கேலி செய்வார்கள். இடிக்கக்கூடாது என்று நகராட்சி அறிவித்த கட்டடங்களின் வாசலில் நீலப்பலகை மாட்டுவதும், அவற்றைச் சுற்றிப் பார்த்து வருவதும் இந்தப் பிரிவின் பொறுப்பு.

சுற்றிப் பார்க்கும் வேலை சில்லுவுடையது. சுவரில் விரிசல் கண்டால், அதற்குக் குறுக்கே விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டை, அவருக்குப் பட்டப்பெயர் தந்த சில்லை, வைத்து, இரு முனைகளையும் வெள்ளைச் சாந்தால் ஒட்டுவார். சாந்து இறுகுவதற்குள் ஆணியால் அன்றைய தேதியைக் கீறிவிடுவார். கண்ணாடிக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. சுவர் மயிரிழை அசைந்தாலும் உடைந்துவிடும். சில்லு முழுசாக இருந்தால் சுவர் சும்மா இருக்கிறது என்று பொருள். உடைந்திருந்தால் சுவர் நகர்கிறது. அப்படி ஒன்று உடைந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். பழுதுபார்த்து முடியும்வரை உள்ளே இருப்பவர்கள் வெளியேற வேண்டும். பழுதுபார்த்து முடித்த கட்டடம் என்று ஒன்றை அந்த நகரத்தில் யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

பழைய தந்தி ஆபீஸ் அந்த நீலப்பலகைக் கட்டடங்களில் ஒன்று. தெரு முனையில் வளைவு வளைவான ஜன்னல்களோடு நின்ற இரண்டு மாடிக் கட்டடம். கீழே வீட்டுக்காரரின் பூட்டிய கிடங்கு. மேலே சில்லுவின் அக்கா குடியிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயே தையல் மெஷின்கள் போட்டு, பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுத்துவந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் அவளிடம் வேலைக்கு வந்தார்கள். ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து, கட்டடத்தை இடித்து அடுக்குமாடிக் கடைகள் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா தம்பியிடம் வந்து நின்றாள். தம்பி இன்ஜினியரிடம் போய் நின்றார். ஜன்னல் வளைவுகளின் அழகைப் பற்றி அவர் அன்று பேசியதுபோல அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை. அந்த வளைவுகளுக்குப் பின்னால் தன் அக்கா இருக்கிறாள் என்பதை அவர் மறைக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

நீலப்பலகை ஏறியது. வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கை கூப்பினார்.

“காப்பாத்துங்க சார், நல்லாக் காப்பாத்துங்க. இனிமே இதுல ஒரு செங்கல்லைக்கூட நான் தொட மாட்டேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மழைநீர்க் குழாய் உடைந்தபோது தொடவில்லை. அந்தத் தண்ணீர் பின்சுவர் வழியே இறங்கி அஸ்திவாரத்தைக் குடைந்தபோதும் தொடவில்லை. அக்கா தன் செலவில் குழாய் மாற்றப் போனால், நீலப்பலகைக் கட்டடத்தில் நகராட்சியின் பழங்கட்டடக் குழு அனுமதி இல்லாமல் ஆணி அடிக்கக்கூடாது என்று அவரே நகராட்சிக்கு நினைவூட்டினார். குழு எப்போதாவது கூடும். கூடினாலும் அடுத்த கூட்டத்தை எப்போது வைப்பது என்று பேசிவிட்டுக் கலையும். அந்தப் பின்சுவரில்தான் விரிசல் கண்டது.

சில்லு கண்ணாடி ஒட்டினார். ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு அலைவானேன் என்று சாந்து டப்பாவை அக்கா வீட்டுப் பரண்மேலேயே விட்டுவைத்தார். மாதாமாதம் வந்து பார்ப்பார்.

“வாடா டாக்டரு,” என்பாள் அக்கா, மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல். “நோயாளி எப்படி இருக்கான்னு பாத்துச் சொல்லு.”

“நல்லாத்தான் இருக்கு. சில்லு அப்படியே இருக்கு.”

“அப்ப என்ன? உக்காரு. டீ ஆறுது.”

மாடிக் கதவு சாத்த வராமல் போனது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்றாள் அக்கா. மேஜையில் வைத்த நூல்கண்டு தானாக உருண்டு பின்சுவர்ப் பக்கம் ஓடியது. தைக்க வந்த பெண்களில் வாயாடி ஒருத்தி, “சார், இந்த நூலுக்கும் அந்தச் சுவருக்கும் ஏதோ தொடர்பு இருக்கு. எப்பப் பாரு அங்கேயே ஓடுது. கட்டி வச்சிடுங்க,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சில்லுவும் சிரித்தார். மெஷின்கள் எல்லாம் ஓய்ந்த இடைவெளிகளில் சுவருக்குள் எங்கோ மணல் சரிகிற மாதிரி மெல்லிய சத்தம் கேட்கும். எலி என்றார்கள். எலிதான் என்று அவரும் எண்ணிக்கொண்டார். கதவும் நூல்கண்டும் சத்தமும் அவருடைய வேலையில் சேர்த்தி இல்லை. பார்க்க வேண்டியது சில்லு. அது முழுசாக இருந்தது. ஒரு பொருளுக்கு அடையாளம் வைத்துவிட்டால், பிறகு அடையாளத்தைப் பார்த்தால் போதும் என்று மனம் பழகிவிடுகிறது. பொருள் தன் பாட்டுக்கு நடந்து போய்விடுகிறது.

ஒரு பிற்பகல், வேறு வேலையாகப் போனவரை மழை பிடித்துக்கொண்டது. பார்வையிடும் நாள் அல்ல. நனைந்த கோலத்தில் மாடியேறினார். பெண்கள் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள், அக்கா மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றக் குனிந்தவர் தடுமாறி, பின்சுவரில் ஈரக்கையை ஊன்றினார். கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்க வெள்ளை.

போன வருடம் ஒட்டிய சாந்து கையோடு வராது. கல்லாகியிருக்கும். அவர் கையை முகர்ந்து பார்த்தார். பிறகு கண்ணாடிச் சில்லை, அநேகமாக முதல் முறையாக, கிட்டப் போய்ப் பார்த்தார். தேதி சரியாகத்தான் இருந்தது. கண்ணாடி புதுசு.

“அக்கா, இது யார் ஒட்டினது?”

“எது?”

“அக்கா.”

மெஷின் நின்றது. “நான்தான்.”

“எத்தனை தடவை?”

“அதை யாரு எண்ணினா? உடையுறப்பல்லாம்.”

“கண்ணாடி ஏது?”

“படத்துக்குச் சட்டம் போடுற கடையில மீந்து கிடக்கும். கேட்டா குடுப்பான். சாந்துதான் நீ விட்டு வச்சிருக்கியே. தேதியைப் பாத்து எழுதத் தெரியாதா எனக்கு?”

“உனக்கென்ன பைத்தியமா? சுவரு நகருதுக்கா. இடிஞ்சு விழும்.”

“விழுந்தா என் மேலதானே விழும்.”

“அந்தப் பொண்ணுங்க?”

 “திரும்பிப் பாரு,” என்றாள் அக்கா.

திரும்பிப் பார்த்தார். மெஷின்கள் எல்லாம் தெருப்பக்க ஜன்னலோரம் ஒட்டி நெருக்கமாக நின்றன. பின்சுவர்ப் பக்கம் இருந்தது அவளுடைய மெஷின் ஒன்றுதான். எப்போது நகர்த்தினாள்? எத்தனை முறை இந்த அறைக்குள் வந்து டீ குடித்துவிட்டுப் போயிருப்பார்! அவர் கண்ணில் படவே இல்லை.

“நீ எழுதிக் குடுத்தா என்ன ஆகும், சொல்லு,” என்றாள் அக்கா. “எங்களை வெளிய போகச் சொல்வாங்க. காலியாக் கிடக்குன்னு அந்த ஆளு மனு போடுவான். இடிப்பான். அப்ப அந்தப் பலகையை எதுக்குடா மாட்டின? அழகுக்கா?”

“உன்னைக் காப்பாத்தணும்னுதான்…”

“காப்பாத்து. யாரு வேணாம்னா? சில்லு முழுசா இருக்குன்னு சொல்லிட்டுப் போ. இத்தனை நாளும் அதைத்தானே செஞ்ச?”

 அக்கா ஒட்டியதை அவர் பெயர்த்து எடுத்தார். தன் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து ஒட்டினார், தேதி கீறினார். பரணிலிருந்து சாந்து டப்பாவை இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“டப்பாவையும் தூக்கிட்டுப் போறியா?”

“ஆமா.”

“பெரிய ஆபீசர்டா நீ. போ.”

அன்றைக்கே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கேட்டிருந்தால், சான்று வேண்டாமா என்று சொல்லியிருப்பார். சான்று அவருடைய உள்ளங்கையிலேயே வெள்ளையாக இருந்தது. மழைநீரில் கழுவிக்கொண்டுதான் படியிறங்கினார்.

சில நாள் கழித்துப் போனார். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கதவு இப்போது சாத்தவும் வரவில்லை, முழுக்கத் திறக்கவும் வரவில்லை. பக்கவாட்டில் நுழைந்துதான் உள்ளே போனார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் ‘டாக்டரு’ என்று கூப்பிடவில்லை.

சில்லு உடைந்திருந்தது. ஒரு பாதி இன்னொரு பாதியைவிடக் கீழே இறங்கியிருந்தது. சுவர் விலகுவதோடு நிற்கவில்லை, அமிழவும் தொடங்கியிருந்தது. விரிசலில் முகத்தை வைத்தார். அந்தப் பக்கத்து வெளிச்சம் ஒரு நூலாகத் தெரிந்தது. வெளிக்காற்று கண்ணில் பட்டது.

“எல்லாரும் கீழ போங்க,” என்றார். “மெஷினை விடுங்க. ஓடாதீங்க, மெதுவா இறங்குங்க.”

வாயாடிப் பெண் எதையோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

இன்ஜினியர் அம்மா அவர் எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

“உங்க அக்கா வீடுதானே?”

“ஆமா மேடம்.”

“நான் கையெழுத்துப் போட்டா அவங்க திரும்ப வர முடியாது. தெரியும்ல?”

“தெரியும்.”

“இரும்புத் தூண் குடுத்துத் தாங்கினா ஒருவேளை நிக்கும். நிக்காமலும் போகலாம். அதுக்கும் குழு கூடணும்.”

“எப்பக் கூடும்?”

இன்ஜினியர் மின்விசிறியைப் பார்த்தார். “ஆள் குடியிருக்கிற வரைக்கும் வீட்டுக்காரர் இடிக்க மனு போட முடியாது. காலியாயிட்டா போடலாம். விதி அப்படி. நான் எழுதின விதி இல்ல. போடட்டுமா?”

“போடுங்க மேடம்.”

அக்கா மெஷின்களோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் பாதி அவளுக்குப் போனது. மனைவி முகம் சுளிக்காமல் இடம் ஒதுக்கினாள். அக்கா அவளோடு பேசினாள், சிரித்தாள், தம்பியோடு மட்டும் பேசவில்லை. அவர் எதிரிலேயே, “உன் புருஷன்கிட்ட சொல்லு, துண்டு கீழ கெடக்குன்னு,” என்பாள். தைக்க வந்த பெண்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். ஒரு நாள் தெருவில் வீட்டுக்காரர் எதிர்ப்பட்டு, இரண்டு கைகளாலும் சில்லுவின் கையைப் பற்றிக்கொண்டார்.

“சொந்த அக்கான்னுகூடப் பாக்காம எழுதினீங்களாமே. உங்களை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும் சார். உங்களை மறக்க மாட்டேன்.”

அந்தக் கையிலிருந்து தன் கையை எடுக்கச் சில்லுவுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

இடிப்பதற்கான மனு பத்து நாளைக்குள்ளேயே தயாராகிவிட்டதென்றும், கட்டடம் காலியாக இருப்பதை நேரில் பார்த்து உறுதி செய்ய வருவார்கள் என்றும் இன்ஜினியர் சொன்னார். சில்லு தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை விடுப்பு எழுதி வைத்துவிட்டு, ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குடம், ஸ்டவ், மாற்றுத் துணி எல்லாவற்றையும் எடுத்து வாசலில் வைத்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் மனைவி.

“தந்தி ஆபீசுக்கு.”

“எதுக்கு?”

“இருக்க.”

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் போய்விட்டார். காலி செய்தபோது தெருக்கதவுக்குப் போட்ட பூட்டின் சாவி அவரிடம்தான் இருந்தது.

செய்தி மத்தியானத்துக்குள் அலுவலகத்தை எட்டியது. இன்ஜினியர் அம்மா பதறிக்கொண்டு வந்து, தெருவில் நின்று மேலே பார்த்துக் கத்தினார். “கீழ வாங்க! ஆபத்துன்னு எழுதினதே நீங்கதானே? தப்பா எழுதிட்டீங்களா?”

ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. “இல்ல மேடம். சரியாத்தான் எழுதினேன்.”

“பின்ன என்ன? இடிக்கிற மனுவைத் தடுக்கணும்னா? அதுக்கு நோட்டீஸ் ஒட்டலாம், காவலுக்கு ஆள் போடலாம், எவ்வளவோ வழி இருக்கே?”

 வெயிலில் சூடேறிய கட்டடத்துக்குள்ளே எதுவோ சரிந்து இறங்கும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. நின்றவர்கள் தங்களை அறியாமல் எதிர்ப்பக்கத்துக்கு நகர்ந்தார்கள்.

மனைவி சொல்லி அக்காவும் ஓடி வந்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவரிடம் முதல் முறையாக வாய் திறந்தாள்.

“தம்பி, இறங்கி வாடா. எனக்கு வீடும் வேணாம் ஒண்ணும் வேணாம். உன்மேல கோவமும் இல்லடா. வாடா.”

அவருக்குக் கேட்டது. அவளை நெடுநேரம் பார்த்தார். முகத்தில் வருத்தம் தெரிந்ததாகச் சிலர் பிற்பாடு சொன்னார்கள். நிம்மதி என்று சிலர் சொன்னார்கள். இரண்டில் எதையும் நம்பக் காரணமில்லை. ஜன்னல் உயரத்தில் இருந்தது, வெயிலில் கண் கூசியது. தெருப்பக்கம் தரை கெட்டியாக இருந்தது, அங்கே இருந்திருக்கலாம். அவர் பாயைக் கையில் எடுத்துக்கொண்டு பின்சுவர்ப் பக்கம் போனார். அக்காவின் மெஷின் நின்ற இடத்தில் விரித்தார். திரும்பி வந்து ஜன்னலைச் சாத்தினார்.