மத்தியான டமார்

எங்க அண்ணியைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அவங்க காதைப் பத்திச் சொல்லணும். அண்ணன் பொண்டாட்டி, கறார் பேர்வழி, சமையல்ல கெட்டி, இதெல்லாம் அப்புறம். காது ஆஸ்பத்திரியில காது டெஸ்ட் எடுக்கிற வேலை அவங்களுக்கு. வெளிச்சத்தம் துளிகூட நுழையாத சின்ன அறை ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள ஆளை உக்காரவச்சு, ஹெட்போனை மாட்டி, கையில ஒரு பட்டனைக் குடுத்துடுவாங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அண்ணி உக்காந்து பீப், பீப்னு ஒவ்வொரு சத்தமா அனுப்புவாங்க. கேட்டா அழுத்தணும், கேக்கலேன்னா சும்மா இருக்கணும். அவ்வளவுதான் வேலை. ஆனா அண்ணி அதைக் கோர்ட்டு மாதிரி நடத்துவாங்க.

ஏன்னா சில பேர், சத்தமே அனுப்பாதப்பவும் அழுத்துவாங்களாம். வேலைக்குச் சேர காது சர்டிபிகேட் கேட்டிருப்பாங்க, எங்க ஃபெயிலாயிடுவோமோன்னு பயத்துல அழுத்திக்கிட்டே இருப்பாங்க. அண்ணிக்கு அந்த ஆளுங்களைக் கண்டாலே ஆகாது. மைக்கைத் தட்டி, "நான் ஒண்ணுமே அனுப்பலையே, உங்களுக்கு யார் அனுப்பினது?"ன்னு கேப்பாங்களாம். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அந்தக் கேள்வியில அசடு வழிஞ்சுடுவானாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. இல்லாத சத்தம் கேக்குதுன்னு சொல்றவன் ஒண்ணு புளுகன், இல்லேன்னா கிறுக்கன், மூணாவது வகை கிடையாதுன்னு தீர்ப்பும் எழுதிடுவாங்க.

நான் அவங்க நாத்தனார். புருஷனோட ஒத்துவராம, ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்னு அண்ணன் வீட்டுக்குப் பெட்டியோட வந்தவ. நாலு வருஷமாச்சு, அந்த ஒரு மாசம் இன்னும் முடிஞ்சபாடில்ல. திரைச்சீலைக் கடைக்கு ஓரம் அடிச்சுக் குடுத்து என் செலவை நானே பாத்துக்கிறேன். ஆனாலும் அண்டி இருக்கிற வீடு அண்டி இருக்கிற வீடுதானே. குழாயைத் திறந்தாக்கூட மெதுவாத் திறக்கிற பழக்கம் எனக்கு வந்துடுச்சு. என்னைப் போய் சத்தம் போடுறவன்னு சொன்னா வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

அண்ணிக்குக் காலை ஷிப்ட். ரெண்டு மணிக்கு வந்து, சாப்பிட்டுட்டு, ஒரு தூக்கம் போடுவாங்க. அவங்க படுக்கிற அறைக்கும் என் தையல் மெஷின் இருக்கிற அறைக்கும் நடுவுல ஒரு சுவருதான். ஒருநாள் அவங்க படுத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகல, விருட்டுன்னு கதவைத் திறந்துக்கிட்டு வந்து நின்னாங்க. முகமெல்லாம் வெளிறிப்போய் மூச்சு வாங்குது. என்னத்தைப் போட்டு உடைச்சேன்னு கேட்டாங்க. நான் ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தேன். நூல் கோக்குறதுல எங்கேயாவது சத்தம் வருமா? ஒண்ணும் உடையலையே அண்ணின்னேன். மெஷினைப் பாத்தாங்க, அதோட மரமூடியைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. மூடியை டமார்னு போட்டிருக்கே, வீடே அதிர்ந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

சரி, கனவு கண்டிருப்பாங்கன்னு விட்டேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும். அப்புறம் அது வாடிக்கையாவே ஆயிடுச்சு. ஒருநாள் மூடி விழுந்த சத்தமாம், ஒருநாள் அலமாரி கவிழ்ந்த சத்தமாம், ஒருநாள் தகரத்தை யாரோ கட்டையால அடிச்சாங்களாம். நான் மெஷின் காலுக்கு அடியில பழைய போர்வையை மடிச்சு வச்சேன். மூடியைக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில தள்ளினேன். கடைசியில அவங்க தூங்குற நேரம் மெஷினையே தொடாம, கையைக் கட்டிக்கிட்டுச் சாமி சிலை மாதிரி உக்காந்திருந்தேன். அப்பவும் வந்து நின்னாங்க. இப்ப என்ன பண்ணினேன்னு கேட்டாங்க. உக்காந்திருந்தேன்னு சொன்னேன். உக்காந்த சத்தமான்னு கேட்டாங்க.

அண்ணன் இருக்காரே, அவரு தங்கம். ஆனா ரெண்டு பொம்பளைங்க நடுவுல நின்னு ஒரு முடிவு சொல்லுங்கன்னா உருகி ஓடிப்போற தங்கம். அண்ணிக்குக் காதுதான் தொழில், அவங்க காது தப்பா சொல்லுமான்னு எங்கிட்ட கேப்பாரு. அண்ணிகிட்ட போயி, அவ பாவம் கை தவறிப் போட்டிருப்பான்னு சொல்லுவாரு. எனக்குப் பரிஞ்சு பேசுறாராம். ஆக, போட்டது நான்தான்னு ரெண்டு பக்கமும் முடிவாயிடுச்சு.

அப்ப எங்க சின்னம்மா காலை உடைச்சுக்கிட்டுப் படுத்துட்டாங்க, ஒத்தாசைக்கு ஆள் வேணும்னாங்க. நான் ஒரு வாரம் அங்கே போய் இருந்தேன். திரும்பி வந்து பாத்தா அண்ணி கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னம் ஒட்டிக் கிடக்கு. எப்படி அண்ணி இருந்தீங்க, சத்தம் கித்தம் இருந்துச்சான்னு அண்ணன் எதிர்லேயே கேட்டேன். அண்ணி தட்டைப் பாத்துக்கிட்டே, இந்த ஒரு வாரம் நிம்மதியாத் தூங்கினேன்னு சொன்னாங்க. இத்தனை நாள் நம்மகிட்ட தப்பில்லேன்னு மார்தட்டிக்கிட்டு இருந்தோமே, நிஜமாவே நாமதான் என்னவோ பண்றோமோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

அண்ணன் அன்னிக்கே ரூம் தேட ஆரம்பிச்சுட்டாரு. எனக்குத்தான். பக்கத்துத் தெருவிலேயே பாக்குறேன்மா, கூப்பிடு தூரம்தான்னு என் மூஞ்சியைப் பாக்காமச் சொன்னாரு. தனியா ஒரு ரூம்ல, எனக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர்னு வாழ எனக்குத் தைரியம் இருந்திருந்தா நாலு வருஷம் முன்னாடியே போயிருக்க மாட்டேனா? எனக்கு இருந்ததே அந்த ஒரு வீடுதான். அதுவும் ஒரு மூடி விழுந்த சத்தத்துல போகப்போகுது. அழுதேன். அதையும் சத்தமில்லாமத்தான் அழுதேன்.

ஆனா அண்ணனுக்கு மனசு கேக்கல. கடைசியா ஒரு யோசனை சொன்னாரு. தங்கச்சிக்குக் காது மந்தமோ என்னவோ, அதனாலதான் தான் போடுற சத்தம் தனக்கே தெரியலையோ, உன் ஆஸ்பத்திரியிலதான் வீட்டாளுங்களுக்கு இலவசமாச்சே, ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடுன்னாரு. அண்ணி வேணாம்னாங்க. மெஷின் ரிப்பேர்னாங்க, கூட்டம் அதிகம்னாங்க, பெரிய டாக்டர் லீவுன்னாங்க. அண்ணன் இவ்வளவு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் பிடிவாதம் பிடிச்சிருக்காரு, அது அன்னிக்குத்தான். என் காது நல்லாருக்குன்னு தெரிஞ்சா என்னைத் துரத்த முடியாதுன்னு அண்ணி பயப்படுறாங்கன்னு நினைச்சு, நானும் விடாம நின்னேன்.

நானும் அண்ணியும் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணி உள்ள மெஷினைத் தயார் பண்ணப் போயிட்டாங்க. வராண்டாவுல சீட்டு குடுக்கிற அம்மா என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "நீங்கதானே எங்க மேடத்தோட நாத்தனாரு? தலைக்குள்ள வெடிக்குதாமே, இப்ப பரவால்லையா?"ன்னு அத்தனை பிரியமாக் கேட்டாங்க.

எனக்கு ஒண்ணும் புரியல. யாருக்கு வெடிக்குதுன்னு கேட்டேன். அதுக்குள்ள பெரிய டாக்டரே அந்தப் பக்கம் வந்துட்டாரு. சீட்டு அம்மா இவங்கதான் சார்னு என்னைக் காட்டினதும் நின்னு, தோளைத் தட்டிக் குடுத்தாரு. கண் அசரும்போது தலைக்குள்ள டமார்னு சத்தம் கேக்குறது நிறைய பேருக்கு உண்டாம், வெளியில சொல்லமாட்டாங்களாம். தூங்கப் போறப்ப மூளை ஒவ்வொரு பகுதியா அடங்கும், அதுல எங்கேயோ ஒரு பிசகுன்னு நினைக்கிறாங்களாம். சரியான காரணம் இன்னும் யாருக்கும் தெரியாதாம். வலி இல்லேல்ல, அப்ப பயப்படாதீங்க, ஆபத்து ஒண்ணுமில்ல, நேரத்துக்குத் தூங்குங்கன்னாரு. "உங்க அண்ணிதான் உங்களுக்காக அன்னிக்கு எங்கிட்ட வந்து அவ்வளவு கவலைப்பட்டாங்க. இப்படி ஒரு அண்ணி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்"னு சொல்லிட்டுப் போனாரு.

குடுத்துத்தான் வச்சிருக்கேன். ஆஸ்பத்திரி பூரா என் தலைக்குள்ள வெடிகுண்டு. வீடு பூரா என் கையில மெஷின் மூடி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

அந்தச் சின்ன அறைக்குள்ள உக்காந்தேன். அண்ணி வந்து ஹெட்போனை மாட்டினாங்க, என் கண்ணைப் பாக்கல. கதவைச் சாத்திட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாங்க. அந்த அறையில கதவைச் சாத்தினதும் நம்ம எச்சில் முழுங்குற சத்தம்கூட நமக்குக் கேக்கும். முதல் பீப் வர்றதுக்கு முன்னாடியே நான் பட்டனை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். விடாம அழுத்திக்கிட்டே இருந்தேன். அழுத்தின ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் ஒரு விளக்கு எரிஞ்சு அணைஞ்சுது.

"நான் இன்னும் ஒண்ணுமே அனுப்பலையே"ன்னு மைக்குல குரல் வந்துச்சு. அடுத்த பாதியைக் கேக்க வாய் வரல அவங்களுக்கு.

"எனக்குக் கேக்குது அண்ணி. தலைக்குள்ள வெடிக்குது. டாக்டர் இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு."

அண்ணி எழுந்து உள்ள வந்து கதவை இழுத்துச் சாத்திக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கு அந்த அறையில இடமே கிடையாது, முட்டியோட முட்டி இடிக்குது.

"நீ இல்லாதப்பவும் கேட்டுச்சு"ன்னாங்க. "அந்த ஒரு வாரமும் கேட்டுச்சு. நிம்மதியாத் தூங்கினேன்னு சொன்னது பொய்."

சொல்லிட்டு உடைஞ்சு போயி அழுதாங்க. இவ்வளவு வருஷத்துல அவங்க அழுது நான் பாத்ததில்ல. முதல்ல நிஜமாவே நான்தான் மூடியைப் போடுறேன்னு நினைச்சாங்களாம். நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்த அன்னிக்கே புரிஞ்சுபோச்சாம். டாக்டர்கிட்ட தனக்குன்னு சொல்ல முடியல. முன்னாடி இதே வேலையில இருந்த ஒருத்தி தன் காதுல ரீங்காரம் கேக்குதுன்னு சொன்னதுக்கு, அவளைச் சீட்டு குடுக்கிற இடத்துல போட்டுட்டாங்களாம். ஆபத்தில்லேன்னு டாக்டர் சொன்னதும், நியாயமா அவங்களுக்கு நிம்மதி வந்திருக்கணும். அதுக்கப்புறம்தான் இன்னும் பயமாம். ஏன்னா வெளியில சத்தம் போட யாரும் இல்லேன்னு நிச்சயமாயிடுச்சே. சத்தம் வர்றது மத்தியானத்துலதான்னாலும், ராத்திரி பகல்னு இல்லாமக் கண்ணை மூடுறப்ப எல்லாம், இப்ப வரும் இப்ப வரும்னு காத்துக்கிட்டுப் படுத்திருப்பாங்களாம். யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. உங்க அண்ணனுக்குக்கூட வேணாம், அவரு வாயில ஒண்ணு விழுந்தா ஊருக்கே விழுந்த மாதிரின்னாங்க. அது வாஸ்தவம்தான்.

நல்லா நாலு கேள்வி கேக்கணும்னுதான் வாயைத் திறந்தேன். கோபம் போகல, ஆனா கூடவே பாவமாவும் இருந்துச்சு. ஒரு மனுஷிக்குத் தன் காது மேலேயே நம்பிக்கை போச்சுன்னா, அதுவும் இந்த மனுஷிக்குப் போச்சுன்னா, அவங்க எங்கே போய் நிப்பாங்க? அப்புறம் அவங்க வெளியில போயி, மூக்கைச் சிந்திட்டு, ஒழுங்கா டெஸ்ட் எடுத்தாங்க. என் காது அப்பழுக்கில்லாம இருந்துச்சு.

சாயங்காலம் அண்ணன் ரூம் சாவியோட வந்துட்டாரு. ஜன்னல் இருக்கு, தண்ணி வருது, உன் மெஷின் தாராளமாக் கொள்ளும்னு அவரு சொல்லிக்கிட்டே இருக்கும்போது, அண்ணி சமையலறையிலிருந்து வந்து சாவியை வாங்கி மேஜை மேல வச்சாங்க.

"அவ எங்கேயும் போகவேணாம். திருப்பிக் குடுத்துடுங்க."

அண்ணனுக்குத் தலையும் புரியல வாலும் புரியல. அப்ப அந்தச் சத்தம்னு இழுத்தாரு. அண்ணி பேசினா எல்லாத்தையும் சொல்லவேண்டி வரும். உதட்டைக் கடிச்சுக்கிட்டுச் சுவரைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. அந்த மூஞ்சியைப் பாக்க என்னால முடியல.

"நான்தான் அண்ணா போட்டேன்"னேன். "கை பழகிப்போச்சு. இனிமேலும் எப்பவாவது போடுவேன். அண்ணி பொறுத்துக்குறேன்னுட்டாங்க."

அன்னியிலிருந்து அதுதான் ஏற்பாடு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அண்ணி அலறி எழுந்தா, கூடத்துல குறட்டை விட்டுக்கிட்டிருக்கிற அண்ணன் முழிச்சு, என்னம்மா இதுன்னு என்னைத்தான் அதட்டுவாரு. கை தவறிடுச்சு அண்ணான்னு நான் சொல்லுவேன். விடுங்க, பாவம், தெரியாமப் போட்டிருப்பான்னு உள்ளேயிருந்து அண்ணி சொல்லுவாங்க. என் பொண்டாட்டி மாதிரி பொறுமைசாலி உலகத்துலேயே கிடையாதுன்னு அண்ணன் பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. அதைக் கேட்ட சொந்தக்காரங்க எல்லாம் என்னைப் பாத்து, இனியாவது அடக்கமா இருக்கப் பாரும்மான்னு புத்தி சொல்லிட்டுப் போறாங்க. நானும் சரி சரின்னு தலையாட்டுறேன்.

மத்த நாள்ல வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். போன வாரம் அண்ணி சாப்பிட்டுட்டுப் படுக்கப் போனவங்க, வாசப்படியிலேயே நின்னாங்க. கடைக்குத் துணி குடுக்கப் போகணும்னு நான் பையை எடுத்து வச்சிருந்தேன். பையைப் பாத்தாங்க. வெளியே போறியான்னு கேட்டாங்க. நீங்க எழுந்தப்புறம் போறேன் அண்ணின்னேன்.

"சரி. நீ எங்கேயும் போயிடாதே"ன்னாங்க.

நான் பையைத் தூக்கி மூலையில வச்சேன். நாலு வருஷத்துல அந்த வீட்ல யாரும் எங்கிட்ட அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்ல.