நான் நிறுத்திவிட்டேன் என்று சொன்ன நாள்

அம்பத்தூரில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொருளாதாரம் எடுக்கிறேன். மூழ்கிய செலவு என்று ஒன்று சொல்லித் தருவேன். திரும்பி வராததை வைத்து அடுத்த முடிவை எடுக்காதே, இனி வரப்போவதை மட்டும் பார். படம் மொக்கை, டிக்கெட் வாங்கியாயிற்றே என்று கடைசிவரை உட்கார்ந்திருப்பீர்களா என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும். எனக்குத்தான் வருஷக்கணக்கானது.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். கணவருக்கு அங்கேதான் வேலை. எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில், பிள்ளை தங்குவதற்கு எனக்கு எழுதிக் கொடுத்த ஊசி மருந்து இருக்கும். காலையில் நானே வயிற்றில் குத்திக்கொண்டு பள்ளிக்கு ரயில் பிடிக்க ஓடுவேன். இரண்டு முறை ஆரம்பத்திலேயே கலைந்தது. மூன்றாவது ஐந்து மாதம் இருந்துவிட்டு வயிற்றிலேயே இறந்தது. ஆண் பிள்ளை. பார்த்தால் அடுத்தது தங்காது என்று சொந்தக்காரர்கள் என் கண்ணில்கூடக் காட்டவில்லை. கணவர்தான் துணியில் சுற்றி எடுத்துப்போனார். அதன்பிறகு அந்தப் பேச்சே வீட்டில் கிடையாது.

இன்னொரு முறை முயற்சி செய்யலாம் என்றார் டாக்டர். கணவர் உடனே தலையாட்டினார்.

அந்த வாரம் மாடி வீட்டில் வளைகாப்பு. கர்ப்பிணி எழுந்த மணையில் பிள்ளையில்லாதவளை உட்காரவைத்து அவள் வளையலைப் போட்டுவிடுவது வழக்கம். எங்கள் பிளாக்கில் அந்த இடம் எனக்கென்றே ரிசர்வ் செய்தது. கூப்பிட்ட இடத்திலெல்லாம் வெட்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"வா டீச்சர், இதுல குந்து. இந்த தபா நின்னுக்கும்" என்றாள் வளைகாப்புப் பெண்ணின் அத்தை.

"வேணாங்க. நான் நிறுத்திட்டேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். இத்தனை வருஷம் பட்டதெல்லாம் வீணா என்று கத்தினார். போனது போனதுதான், இன்னும் பத்து முறை செய்தாலும் அது திரும்பாது என்று பாடம் எடுத்தேன்.

"எம் புள்ளைய செலவுங்கிறியா?"

என் பாடத்தில் அதற்குப் பதில் இல்லை. நான் அழுதேன். அவரும் அழுதார், கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத அழுகை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அவன எங்க வெச்சேன்னு நீ ஒரு நாளும் கேக்கலையே. அண்ணனூர் ஸ்டேஷனுக்கு முன்னாடி, தண்டவாளத்த ஒட்டி ஒரு சுடுகாடு. நீ தினமும் தாண்டித்தான் போற."

மறுநாள் லீவு போட்டுவிட்டு இருவரும் போனோம். முள்செடி மண்டிக் கிடந்தது. இங்கேயா, அந்த மரத்துப் பக்கமா என்று அவருக்கே நிச்சயமில்லை. குனிந்து குனிந்து தேடினார். தேடட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அந்த இடம் முழுக்க என் பிள்ளைதான்.