குறியை மறைத்த கட்டைவிரல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் மேசையில் வேலை பார்த்த அவரை, அங்கே சிகிச்சை முடிந்த என் அம்மாவைக் கூட்டிப் போக வந்தபோது சந்தித்தேன். சலவைச் சட்டை, மெல்லிய குரல். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய தாளைக் காட்டும்போது அவருடைய கட்டைவிரல் கடைசிக் கட்டத்தின் மேலேயே இருந்தது.

"கம்பெனிக்காரன் இம்புட்டையும் வெட்டிட்டான் தங்கச்சி. கட்டிட்டா அம்மாவைக் கூட்டிட்டுப் போயிரலாம்."

நான் இராஜபாளையத்தில் கிளெய்ம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். வெட்டிய தொகைக்குப் பக்கத்தில் ஒரு குறி இருக்கும். அந்தத் தொகையை நோயாளி ஏற்பதா, மருத்துவமனை ஏற்பதா என்று அதுதான் சொல்லும். அந்த இடத்தில்தான் விரல் இருந்தது.

"அண்ணே, விரலைச் செத்த எடுங்க."

உடனே எடுத்தார். கம்பெனியோடு மருத்துவமனை ஒத்துக்கொண்ட ஒப்பந்தக் கட்டணத்தை மீறிய பில் என்பதற்கான குறி. நோயாளியிடம் வாங்கக் கூடாத தொகை. அதைச் சொன்னேன். அவர் முகம் மாறாமல், பணமும் கேட்காமல், அம்மாவை அனுப்பும் சீட்டில் முத்திரை குத்தினார்.

"எல்லாருக்கும் காட்டுவீங்களா?"

"கேட்டா காட்டுவேன். கேக்கணும்லா?"

அடுத்து வன்னியம்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்தார். அந்த அம்மாவின் தாளிலும் அவருடைய விரல் பழைய இடத்துக்குப் போயிற்று. "அந்தக் குறியைக் காட்டச் சொல்லுங்கக்கா" என்றேன்.

அவரே அந்த அம்மாவிடம் பதமாகக் கேட்டார்: "காட்டட்டுமாக்கா?"

"எனக்கு என்ன சார் தெரியப் போவுது? நீங்க சொன்னா சரிதான்" என்று அந்த அம்மா பணத்தை எடுத்தார்.

அந்தத் தாளில் இருந்தது எந்தக் குறி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.